கரும்புக்கு டிரைக்கோகிரம்மா அட்டை: எப்ப வாங்கணும், எப்படி கட்டணும், வேலை செஞ்சுதான்னு எப்படி பாக்கணும்

கரும்புப் புழுவோட முட்டைய அழிக்கற குட்டிக் குளவி இருக்கற டிரைக்கோகிரம்மா அட்டைய முதல் தடவை வாங்கினப்ப நான் பண்ண வேலைய மொதல்ல சொல்லிடறேன். மே மாசம், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இந்தக் குளவிய வளக்கற லேப்ல வாங்கி வண்டி டிக்கியில போட்டு பூட்டிட்டு, வர்ற வழியில உரக்கடை, அப்புறம் ஒரு காதுகுத்து பந்தி, எல்லாம் முடிச்சு சாயங்காலம் வீட்டுக்கு வந்து அலமாரியில வச்சிட்டு, மூணாம் நாள் ஞாபகம் வந்து எடுத்துட்டுப் போய் கட்டினேன். கவருக்குள்ள மிளகுத்தூள் மாதிரி என்னமோ கொட்டிக் கிடந்துச்சு, தூசின்னு நெனச்சு தட்டி விட்டுட்டேன். அந்தத் தூசிதான் நான் காசு குடுத்து வாங்கின பூச்சி! வெறும் அட்டைய கட்டிட்டு, அந்த வருஷம் முழுக்க இந்த ஒட்டுண்ணி எல்லாம் சும்மா ஏமாத்து வேலைன்னு டீக்கடையில பேசிட்டு இருந்தேன்.

அதனால இத எழுதறேன். அட்டை கட்டுறவங்கள்ல நெறைய பேரு அத மருந்து பாக்கெட் மாதிரி நெனச்சுக்கறாங்க, வாங்கி வச்சுக்கலாம், நேரம் கெடைக்கும்போது போட்டுக்கலாம்னு. அதுக்குள்ள இருக்கறது உசுரு, அதுக்கு ஒரு நாள் கணக்கு இருக்கு, அந்தக் கணக்கு தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸி.

டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்னு இந்தக் குளவிக்குப் பேரு. குளவின்னதும் வீட்டு ஜன்னல்ல மண்ணுல கூடு கட்டுமே அதை நெனச்சுக்காதீங்க, இது அரை மில்லிமீட்டர் இருந்தா அதிகம், வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி நகர்ற மாதிரி தெரியும், லென்ஸ் வச்சுப் பாத்தா செவப்பு கண்ணு, றெக்கையில வரிசை வரிசையா முடி. அந்த முடி வரிசையத்தான் கிரேக்கத்துல பேரா வச்சிருக்காங்க. நம்மள கொட்டாது, கொட்டவும் முடியாது, கையில ஊர்ந்தாக்கூட தெரியாது. குளவி கொட்டக் கொட்ட புழுவும் குளவியாகும்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல, கூட்டுக்குள்ள புழு போச்சு குளவி வந்துச்சுன்னு பாத்து நம்ம ஆளுங்க சொன்னது அது. உண்மையில புழுவ மயக்கிப் போட்டு தன் குஞ்சுக்கு சோறா வைக்குது அந்தக் குளவி. நம்ம டிரைக்கோ அதுக்கும் ஒரு படி முன்னாடி போகும், புழு ஆகற வரைக்கும் காத்திருக்காது, அந்துப்பூச்சியோட முட்டையிலயே கை வச்சிடும்.

எப்படின்னா, பொம்பளக் குளவி முட்டை மேல ஏறி மீசையால தட்டித் தட்டிப் பாக்கும், அப்படியே குறுக்க நடந்து முட்டை எவ்வளவு பெருசுன்னு அளக்கும். இதோட சொந்தக்காரக் குளவி ஒண்ண வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல, முதல் தடவை குறுக்க நடக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்றத வச்சே அது அளவு எடுக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. நாம நிலத்த காலடி போட்டு அளப்போமே அந்த மாதிரி. சின்ன முட்டைன்னா ஒண்ணு, பெருசுன்னா ரெண்டு மூணு கூட தன் முட்டைய உள்ள வைக்கும். ஏற்கனவே வேற குளவி வச்ச முட்டைன்னா பெரும்பாலும் மோந்து பாத்துட்டு ஒதுங்கிடும். ஒரு நாள்ல உள்ள இருக்கற குஞ்சு பொரிஞ்சு அந்து முட்டையோட சத்த எல்லாம் குடிக்க ஆரம்பிச்சிடும், மூணாம் நாள் நாலாம் நாள்ல அந்த முட்டை வெளியிலிருந்து பாக்கறப்ப கருப்பாயிடும், இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வயல்ல செக் பண்ண இதுதான் நமக்கு அடையாளம். 28 டிகிரி சூட்டுல ஏழு எட்டு நாள்ல வட்டமா ஒரு ஓட்டை போட்டு குளவி வெளிய வரும், குளுரு காலம்னா இன்னும் நாள் இழுக்கும். ஆண் மொதல்ல வந்து காத்துட்டு இருக்கும், பொம்பள வந்ததும் அங்கயே ஜோடி சேர்ந்துடும்.

ஒரு சுவாரஸ்யம், ஜோடி சேராத பொம்பளயும் முட்டை வைக்கும், அதுல எல்லாம் ஆணாத்தான் பொறக்கும். டிரைக்கோகிரம்மா வகையில சிலதுல வேற கூத்து, வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா உடம்புக்குள்ள இருந்துகிட்டு ஆணே இல்லாம பொம்பளயா மட்டும் பொறக்க வைக்கும், 1990ல அந்தக் குளவிங்களுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்துப் பாத்தாங்க, மறுபடியும் ஆண் பொறக்க ஆரம்பிச்சிடுச்சு. கரும்பு விவசாயிக்கு இது எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கு புடிச்சிருந்துச்சு சொன்னேன்.

சரி, கரும்புக்கு வருவோம். இடைக்கணுப் புழு, குருத்துப் புழு ரெண்டுமே தண்டுக்குள்ள பூந்துட்டா நீங்க எந்த மருந்து அடிச்சாலும் அது மேல பட்டு வழிஞ்சு போகும், உள்ள அது பாட்டுக்கு சாப்பிட்டுட்டு இருக்கும். அதுவும் ஆளு உயர கரும்புக்குள்ள ஸ்பிரேயர் தூக்கிட்டு போறது எவ்வளவு கஷ்டம்னு போனவனுக்குத்தான் தெரியும். ஆனா இந்தப் புழுவோட தாய் அந்துப்பூச்சி முட்டைய இலை மேலதான் வைக்குது, அந்த முட்டை அஞ்சாறு நாள் வெளிய கிடக்கு. நமக்கு கெடைக்கற கேப் அந்த அஞ்சாறு நாளுதான், அந்த நேரத்துல தோட்டத்துக்குள்ள குளவி பறந்துட்டு இருக்கணும், அதுக்குத்தான் அட்டை.

முட்டைய நீங்களே கண்ணால ஒரு தடவ பாத்துடுங்க. இடைக்கணுப் புழு முட்டை தட்டையா, மெழுகு வெள்ளையா, மீன் செதில் அடுக்கின மாதிரி ரெண்டு வரிசையா இலையில ஒட்டி இருக்கும், ஒரு கொத்துக்கு பத்து முட்டை சுமார். குருத்துப் புழு முட்டை இலைக்கு அடியில நடுநரம்பு ஓரமா மூணுலருந்து அஞ்சு வரிசை. புழுவ பாத்தீங்கன்னா முதுகுல ஊதா கோடு எண்ணுங்க, நாலு இருந்தா இடைக்கணுப் புழு, அஞ்சு இருந்தா குருத்துப் புழு. குருத்துப் புழு சின்ன பயிர்ல நடுக்குருத்த காய வைக்கும், இழுத்தா கையோட வந்துடும், நாத்தம் அடிக்கும். இடைக்கணுப் புழு கணு விட்டதுலருந்து வெட்டு வரைக்கும் இருக்கும், கணு சுருங்கி குட்டையா போய் ஓட்டை ஓட்டையா தெரியும், மேல இருக்கற இளங்கணுவத்தான் அதுக்கு ரொம்ப புடிக்கும்.

எப்ப கட்டணும், எவ்வளவு கட்டணும்? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட சிபாரிசு இடைக்கணுப் புழுவுக்கு ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சிசி, அதாவது ஏக்கருக்கு 1 சிசி, நாலாவது மாசத்துலருந்து 15 நாளைக்கு ஒரு தடவன்னு ஆறு தடவ. 1 சிசின்னா ஒரு மில்லி அளவு முட்டை, எண்ணிக்கையில தோராயமா 20,000 முட்டை வரும். உங்க ஏரியா சர்க்கரை ஆலை லேப்ல புழுத் தாக்குதல பாத்துட்டு வேற கணக்கு சொன்னா அத கேட்டுக்குங்க. ஆனா ஆறு தடவய ரெண்டு தடவயா சுருக்காதீங்க, இதுலதான் எல்லாரும் கோட்ட விடறாங்க. வெளிய வந்த குளவி உயிரோட இருக்கறது சில நாள்தான், தேன் மாதிரி ஏதாவது இனிப்பு கெடைச்சா கொஞ்சம் கூட இருக்கும், இல்லன்னா ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சிடும். அந்துப்பூச்சியோ ஒரே நாள்ல எல்லாம் சேர்ந்து முட்டை வைக்காது, இன்னைக்கு கொஞ்சம் அடுத்த வாரம் கொஞ்சம்னு வச்சுட்டே இருக்கும். ஒரே தடவ ஆறு சிசிய மொத்தமா கட்டினா அந்த வாரம் முட்டை இருந்தா ஜாக்பாட், இல்லன்னா 1,20,000 குளவி பட்டினி கிடந்து சாகும்.

இப்ப அட்டை. வெள்ள அட்டை மேல கடுகுக்கும் சின்னதா முட்டை ஒட்டியிருக்கும், அது கரும்பு அந்தோட முட்டை இல்ல, வீட்டுல பழைய ரவையிலயும் அரிசியிலயும் நூல் கட்டி கட்டி ஒரு புழு இருக்குமே, அந்த அரிசி அந்துப்பூச்சியோட முட்டை, கார்சைராம்பாங்க. லேப்ல அத கம்புல வளத்து முட்டை எடுத்து, யூவி லைட்டுல காட்டி அந்து குஞ்ச கொன்னுட்டு, பசை தடவின அட்டையில தூவி, குளவிய விட்டு முட்டை வைக்க வைப்பாங்க. யூவி எதுக்குன்னா, குளவி தொடாம விட்ட முட்டையிலருந்து அந்துப் புழு வந்து மத்த முட்டைய தின்னுடக்கூடாதுல்ல.

வாங்கும்போது நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி, "இது என்னைக்கு பொரியும்?" லேப்ல இருக்கற அக்கா எனக்கு சொல்லிக் குடுத்தது இது. அட்டையில தேதி எழுதியிருந்தா பாருங்க, இல்லன்னா கேட்டு நீங்களே பேனாவுல எழுதிக்குங்க. முட்டை நல்ல கருப்பா இருக்கணும், வெள்ளையா மஞ்சளா நெறைய இருந்தா குளவி சரியா வைக்கலன்னு அர்த்தம். கருப்பு முட்டையில பொடிப்பொடியா ஓட்டை தெரிஞ்சா குளவி ஏற்கனவே போயிடுச்சு, அத வாங்காதீங்க. நாளைக்கு காலையில பொரியும்ன்ற அட்டை கெடைச்சா அதுதான் தங்கம், ஏன்னா குளவி பெரும்பாலும் காலை நேரத்துலதான் வெளிய வரும், இன்னைக்கு சாயங்காலம் கட்டிட்டா விடியும்போது தோட்டத்துல இருக்கும். திடீர்னு மழை, ஆளு வரல, கட்ட முடியலன்னா ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுல ஒரு கவர்ல போட்டு வைங்க, ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது, அது கருப்பான முட்டையாவும் இருக்கணும். குளுருல வளர்ச்சி நின்னு நாள் தள்ளிப் போகும், ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கறீங்களோ அவ்வளவு நல்லது.

எடுத்துட்டு வர்றதுக்கு ஒரு சின்ன தெர்மாக்கோல் டப்பா இல்ல டிபன் கேரியர் பையில ஈரத்துணி சுத்தின தண்ணி பாட்டில் பக்கத்துல வச்சா போதும், அட்டை நனையாம பாத்துக்குங்க. டிக்கி வேணாம், சொல்லிட்டேன்.

கட்டுறது சாயங்காலம் நாலு மணிக்கு மேல. அட்டையில கோடு போட்டு சின்னச் சின்ன கட்டமா பிரிச்சிருப்பாங்க, கத்திரியால அந்தக் கோட்டுல வெட்டுங்க, முட்டை மேல கத்திரி போச்சுன்னா நசுங்கிடும், விரலாலயும் முட்டைய தேய்க்காதீங்க, ஓரத்த புடிங்க. ஏக்கருக்கு எத்தனை துண்டுன்னா, இந்தக் குளவி பத்து மீட்டருக்கு மேல பெருசா பறந்து தேடாது, காத்து அடிச்சா அடிச்ச பக்கம் போகும், அதனால பத்து பன்னெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு வச்சா 25லருந்து 40 துண்டு வரும். நெறைய பேரு வரப்பு ஓரமாவே சுத்தி கட்டிட்டு வந்துடறாங்க, உள்ள போக சோம்பல், தோகை அறுக்கும்னு, நியாயம்தான், ஆனா நடுக்கரும்புக்கு குளவி போய் சேராது. முழுக்கை சட்டை போட்டுட்டு உள்ள போங்க. பச்சை தோகையோட அடிப்பக்கத்துல, முட்டை இருக்கற பக்கம் கீழ பாக்கற மாதிரி, நிழல்ல, அட்டையோட வெறும் பகுதியில ஸ்டேப்ளர் அடிச்சிடுங்க, நூல்லயும் கட்டலாம். மேல வெயில் படற இலையில அடிச்சா மே மாச வெயில்ல முட்டை வெந்துடும்.

எறும்பு இருக்கே, அதுதான் பெரிய எதிரி. ராத்திரியோட ராத்திரியா ஒரு துண்டு முட்டைய மொத்தமா காலி பண்ணிடும். இதுக்கு மந்திரம் எல்லாம் இல்ல, பொரியறதுக்கு மொத நாள் சாயங்காலம் கட்டுறதே பாதி வைத்தியம், எறும்புக்கு டைம் குடுக்கறதில்லல்ல, மூணு நாளைக்கு முன்னாடியே கட்டினீங்கன்னா எறும்புக்கு விருந்து வச்ச மாதிரி. எறும்புச் சாரி ஏறாத தூரா பாத்துக் கட்டுங்க.

அடுத்தது தோகை உரிக்கறது. அஞ்சாம் மாசமும் ஏழாம் மாசமும் தோகை உரிக்கணும், அது இடைக்கணுப் புழுவுக்கும் நல்லதுதான், ஆனா ரெண்டாவது வருஷம் நான் சாயங்காலம் அட்டை கட்டிட்டு வந்தேன், மறுநாள் காலையில எங்கப்பா ஆளு கெடைச்சுதுன்னு தோகை உரிக்க விட்டுட்டாரு, அட்டையோட சேர்த்து உரிச்சு சாலுக்குள்ள போட்டுட்டு போயிட்டாங்க, ஆளுங்க மேல தப்பே இல்ல, நான் யார்கிட்டயும் சொல்லல. உரிச்சிட்டு அப்புறம் கட்டுங்க, இல்ல கட்டி ஒரு வாரம் கழிச்சு உரிங்க. யூரியாவயும் அள்ளி அள்ளி போடாதீங்க, தழைச்சத்து ஏற ஏற இடைக்கணுப் புழுவும் ஏறும், அப்புறம் குளவிய திட்டி பிரயோஜனம் இல்ல.

பூச்சி மருந்து பத்தி நேரா சொல்றேன், ரெண்டும் ஒரே நேரத்துல ஆகாது. அட்டை கட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு வாரம் பத்து நாள் மருந்து அடிக்காதீங்க, அரை மில்லிமீட்டர் பூச்சிக்கு இலையில காஞ்சு கிடக்கற மருந்தே எமன். பக்கத்து தோட்டத்துக்காரரு பவர் ஸ்பிரேயர் வச்சு அடிக்கறாருன்னா அவருகிட்ட தேதி கேட்டுட்டு கட்டுங்க, முடிஞ்சா அவரையும் கட்டச் சொல்லுங்க. ஒரு ஏக்கர்ல மட்டும் கட்டி சுத்தி இருபது ஏக்கர் சும்மா கிடந்தா அந்து பறந்து வந்துட்டேதான் இருக்கும்.

வேலை செய்யுதான்னு பாக்க ரெண்டு வழி. ஒண்ணு வீட்டுல. ஒவ்வொரு தடவயும் ஒரு துண்ட மட்டும் எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வாயில மெல்லிசு துணி கட்டி நிழல்ல வைங்க. பொரிய வேண்டிய நாள்ல பாட்டிலோட வெளிச்சம் வர்ற பக்கம் புள்ளி புள்ளியா அப்பியிருக்கும், இதுங்களுக்கு வெளிச்சத்து மேல அப்படி ஒரு ஆச. எல்லாம் செத்ததும் லென்ஸ்ல அட்டைய பாத்து ஒரு நூறு கருப்பு முட்டைய எண்ணுங்க, எத்தனைல ஓட்டை இருக்குன்னு, எண்பதுக்கு மேல இருந்தா நான் சந்தோஷப்படுவேன், பாதிக்கும் கீழன்னா அந்த பாட்டிலோட லேபுக்கு போய் காட்டுவேன். சண்டைக்கு இல்ல, வழியில சூட்டுல போச்சா இல்ல அங்கயே குறையான்னு அவங்க பாத்தாலே சொல்லிடுவாங்க.

இன்னொன்னு தோட்டத்துல. அட்டை கட்டி நாலஞ்சு நாள் கழிச்சு உள்ள போய் இலையில முட்டைக் கொத்து தேடுங்க. முழு முட்டையும் கருகருன்னு மையி பூசின மாதிரி இருந்தா குளவி வேலை. இங்க ஒரு குழப்பம் வரும், நல்ல முட்டையும் பொரியறதுக்கு முன்னாடி கருப்பு தெரியும், ஆனா அது ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ஒரு கருப்பு புள்ளி மட்டும்தான், அது புழுவோட தலை. முழு கருப்புன்னா நம்ம ஆளு, புள்ளி கருப்புன்னா நாளைக்கு தண்டுக்குள்ள போற ஆளு. புள்ளி கருப்பு பாத்தா அந்த இலையக் கிள்ளி நசுக்கிடுங்க, முழு கருப்ப தயவுசெஞ்சு நசுக்காதீங்க. பத்து கொத்து பாத்தா எத்தனை கருப்புன்னு ஒரு டைரியில எழுதுங்க, ஆறு தடவையும் எழுதினா உங்களுக்கே தெரியும் எந்த தடவ சொதப்பினீங்கன்னு.

நெல்லு வச்சிருக்கறவங்களும் கேக்கறாங்க. அங்கயும் அட்டை உண்டு, ஆனா தண்டு துளைப்பானுக்கு கைலோனிஸ் இல்ல, டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம்னு தனி ஜாதி, நட்ட 30ம் நாளும் 37ம் நாளும் ஹெக்டேருக்கு 5 சிசி. இலைச்சுருட்டுப் புழுவுக்கு கைலோனிஸ், 37, 44, 51ம் நாள், அதே 5 சிசி. நெல்லுல தாங்க உயரமான தோகை கெடையாதுல்ல, குச்சி நட்டு அதுல பயிர் உயரத்துக்கு கட்டணும். அட்டை வாங்கும்போது எந்தப் பயிரு எந்தப் புழுன்னு சொல்லி வாங்குங்க, பாத்தா ரெண்டு அட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வீட்டுலயே வளக்கலாமான்னா, வளக்கலாம், மகளிர் குழுக்கள் கூட நல்லா பண்றாங்க. நான் ஒரு தடவ ரெண்டு பேசின்ல கம்பு உடைச்சு கொஞ்சம் நிலக்கடலைப்பருப்பு இடிச்சு சேர்த்து கார்சைரா முட்டைய போட்டு ஸ்டோர் ரூம்ல வச்சேன், நாப்பது நாளுக்கு மேல அந்து வர ஆரம்பிச்சுது, மூடின துணியில எங்கயோ கிழிசல், ஒரு வாரத்துல அடுப்படியில இருந்த ரவை, அரிசி, சத்துமாவு எல்லாத்துலயும் நூல். அந்தோட றெக்கைத் தூள் மூக்குல ஏறி எனக்கு பத்து நாள் தும்மல் வேற, பண்றவங்க கண்டிப்பா மாஸ்க் போடுங்க. அம்மா பேசின் ரெண்டையும் தூக்கி வாசல்ல வெயில்ல கவுத்துட்டாங்க. அதுலருந்து நான் லேப்லதான் வாங்கறேன், அங்கயும் போன அன்னைக்கே கெடைக்காது, குளவி விட்டு கருப்பாகி ரெடியாகணும்ல, பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணி ஏக்கர் கணக்க சொல்லி வச்சிடுங்க.